ஒரு போல்ட்டைக் காணோம்

"இனிமே என் கார்ல எந்த மெக்கானிக்கும் கை வைக்கக் கூடாது!"

வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இப்படிப் பிரகடனம் செய்தேன். என் மனைவி அப்போதுதான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. எங்கள் கிழட்டுக் காரின் தேய்ந்துபோன பிரேக் பேடுகளைப் பற்றியும், அவை போடும் கிறீச் சத்தத்தைப் பற்றியும், உயிரின் அருமையைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினேன்.

"நாளைக்கு நானே மாத்தப் போறேன். புது பேடுகூட வாங்கி வச்சுட்டேன்."

"சரிங்க."

கல்யாணமான நாள்முதல் என் எந்த யோசனைக்கும் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உங்களிடம் மறைப்பானேன்? பிரேக் ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அக்கா தங்கமானவர். அக்கா புருஷன், அதாவது என் சகலை, அவர்தான் தலைவலி. என் காரைப் பார்த்ததும் ஒரு சுற்று சுற்றி வந்து, டயரை ஓர் உதை உதைத்து, "இன்னுமா இது ஓடுது?" என்பார். போகும்போதெல்லாம் இதேதான். பிறகு தன் புதுக் காருக்குள் என்னை உட்கார வைத்து, பட்டனை அழுத்தி சீட்டைச் சூடாக்கிக் காட்டுவார். சீட்டு சூடாவதற்குள் என் வயிறு எரிந்து முடிந்திருக்கும்.

திட்டம் எளிது. சனிக்கிழமை காரைப் பிரிக்க வேண்டியது. ஒரு போல்ட்டை ஒளித்து வைக்க வேண்டியது. "காணோம்" என்று கையை விரிக்க வேண்டியது. கார் ஜாக்கியில் நிற்கும். நான் சோபாவில் கிடப்பேன்.

காலையில் ஷெட் வாசலில் நின்ற காரின் முன் சக்கரத்தைக் கழற்றினேன். பேடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்விக்குப் பின்னால் இரண்டு போல்ட். கழற்றினால் கவ்வி கையோடு வந்துவிடும். வந்தது. பேடுகள் வெறும் தகடாகத் தேய்ந்திருந்தன. சாக்கு என்று நினைத்தது நிஜமான ஆபத்தாகவே இருந்தது. புதியவற்றை ஒழுங்காகப் பொருத்தி, ஒரு போல்ட்டை முறுக்கினேன். மற்றதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நழுவி, குளியலறை அலமாரியில் என் ஷேவிங் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடாத பொருள் அது ஒன்றுதான்.

வெளியே வந்து அலறினேன்.

"ஐயோ, ஒரு போல்ட்டைக் காணோமே!"

மனைவி வந்தாள். காரைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பினாள்.

"அது இல்லாம வண்டி ஓடாதாங்க?"

"நகரக்கூடாது! பாவம், நாளைக்கு உங்க அக்கா எதிர்பாத்துட்டு இருப்பாங்க." முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொங்கப் போட்டேன்.

"எங்க போயிடப் போகுது? ஷெட்டுக்குள்ள உருண்டிருக்கும். தேடுங்க."

எங்கள் ஷெட்டுக்குள் கார் நுழைந்து வருஷக்கணக்காகிறது. உடைந்த மின்விசிறி, கால் போன கட்டில், காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், அவற்றின் மேல் நான் 'அப்புறம்' என்று போட்டுவைத்த அத்தனையும் அங்கே குடியிருந்தன. சுத்தம் பண்ணச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன சார், போல்ட்டா? என்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு. கொண்டு வரட்டுமா?"

"வேணாம் சார்! இது... இது இந்த வண்டிக்குன்னே செஞ்சது!"

"ஆமாங்க, பிரேக் விஷயம். கண்டதையும் போடக் கூடாது. இவரே தேடிடுவாரு" என்றாள் மனைவி.

எனக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று நெகிழ்ந்துபோனேன்.

தேடுவது போல நடிப்பதற்குக்கூட சாமான்களை நகர்த்தித்தான் ஆக வேண்டும். நகர்த்தினேன். எடுத்ததை மறுபடி உள்ளே வைக்க அவள் விடவில்லை. போல்ட் கண்ணுக்குத் தெரியட்டும் என்று துடைப்பத்தையும் கையில் கொடுத்தாள். சாயங்காலம் ஷெட்டில் ஒரு நடனக் கச்சேரியே வைக்கலாம் போலிருந்தது.

"கெடைக்கலையா? அப்ப பரண்ல பாருங்க."

"பரண்லயா? போல்ட் எப்படி மேல ஏறும்?"

"நீங்க கழட்டின வேகத்துக்கு எங்க வேணா தெறிச்சிருக்கும். காலையில ஏறுங்க."

பரண்! அதற்குச் சகலையே தேவலை என்று முடிவு செய்தேன். பூனை போல் குளியலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். ரேசர் இருந்தது. பிரஷ் இருந்தது. போல்ட் இல்லை.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒளித்து வைத்த இடத்தில் காணோம் என்று பெண்டாட்டியிடம் புகார் கொடுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் நானாகவே பரணில் ஏறினேன். ஒவ்வொரு பெட்டியாக உதறினேன். கட்டிலைப் புரட்டினேன். பீரோவை நகர்த்தினேன். அப்படி உண்மையாக, மனப்பூர்வமாக, என் ஆயுளில் நான் எதையும் தேடியதில்லை.

மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தேன். அவள் காபி கொண்டுவந்தாள். தட்டில், கோப்பைக்குப் பக்கத்தில், போல்ட்!

"இ... இது எங்க கெடைச்சுது?"

"நீங்க தொலைச்ச இடத்துலதான். கதவுல கறுப்பு விரல். சுவத்துல கறுப்பு விரல். டப்பா மூடியில அஞ்சு விரலும் அச்சு. கிரீஸைத் துடைச்சிட்டுத் திருடக் கூடாதா?"

"அப்ப நேத்தே எடுத்துட்டியா? நேத்தே குடுத்திருந்தா இன்னிக்கு உங்க அக்கா வீட்டுக்காவது போயிருக்கலாமே!" என்று கத்தினேன். முதுகுவலி அப்படிக் கத்த வைத்தது.

"அக்கா வீட்டுல யாரு இருக்கா? வெள்ளிக்கிழமையே எல்லாரும் வெளியூர் கிளம்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."