வரப்பில் நட்ட சிவப்புக் குச்சிகள்

எனக்குப் பயம் வந்தால் முகத்தில் தெரியாது. கை நடுங்காது, குரல் உடையாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் எவ்வளவு நிதானமான பொண்ணு என்பார்கள். (உள்ளே பட்டியல் இருபதைத் தாண்டியிருக்கும்.) இந்த நிதானமான முகத்தால் ஒரு ஊரையே நடுங்க வைத்திருக்கிறேன்.

படிப்பு முடித்ததும், செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பயிர்களைக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தைப் படம் எடுக்கும். உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியைத் திருப்பி அனுப்பும். பயிர் எவ்வளவு செழிப்போ அவ்வளவு ஒளி. ஒரு வருஷத்துப் படங்களை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு வயலும் எப்போது பச்சை கட்டியது, எப்போது வெளுத்தது என்று ஒரு கோடு கிடைக்கும். நெல்லின் கோடு சரசரவென்று ஏறி இறங்கிவிடும். கரும்பு மெதுவாக ஏறி மாசக் கணக்கில் அங்கேயே நிற்கும். முந்திரித் தோப்பு வருஷம் முழுக்க ஒரே மாதிரி (எங்கள் கணக்கு வாத்தியார் முகம் போல). அந்தக் கோட்டைப் பார்த்து இது நெல், இது கரும்பு, இது தரிசு என்று வரைபடத்தில் நிறம் பூசுவது என் வேலை. பூசியது சரிதானா என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

நெய்வேலிப் பொண்ணு, சுற்றுவட்டாரம் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த சுற்றுவட்டாரம் பள்ளிக்கூடம், மெயின் பஜார், பஸ் ஸ்டாண்டு. அதை ஆபீஸில் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏற்பாடுகளில் மட்டும் குறை வைக்கவில்லை. பார்த்த அதே இடத்துக்குச் சில வாரம் கழித்து மறுபடி போக வேண்டும். ஃபோன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். நம்மூரில் சில மீட்டர் என்றால் அடுத்தவர் வயல். ஆகவே அடையாளக் குச்சி. மூங்கில் குச்சிகள் வாங்கி, கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்புப் பெயின்டை அடித்து, வெள்ளையில் நம்பர் எழுதினேன். மாடியில் காயவைத்ததை அம்மா பார்த்து எதுக்குடி என்றாள். வயலில் நட என்றேன். சரி என்று வத்தலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தால் ஒரு குச்சியும் வாசல் தாண்டியிருக்காது. சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து வரப்பில் சிவப்பாக, நம்பர் போட்டு எதையாவது நட்டால், நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். மாவட்டத்தில் இது தெரியாத ஒரே ஆள் நான்.

மாசி மாதம். அப்பாவின் ஸ்கூட்டரில் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். முதல் குச்சி நெல் வயல் வரப்பில், இரண்டாவது கரும்பு ஓரத்தில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னம்மா பண்ற என்று விசாரித்தார். நான் மிகவும் மரியாதையாக, "சும்மா அளவு எடுக்கறேங்க" என்றேன். (இதைவிட மோசமான பதில் தமிழில் கிடையாது.) அவர் ஆட்டை விட்டுவிட்டு வேகமாக ஊருக்குள் போனார். அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசிக் குச்சியை ஊன்றிவிட்டுத் திரும்பினால், வரப்பில் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோயில் விசேஷம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். கிட்ட வந்ததும்தான் கையில் இருந்தது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் குச்சிகள் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தன.

முன்னால் வந்தவர் அஞ்சலை அக்கா. மல்லாட்டைக்கு (எங்கள் பக்கத்தில் நிலக்கடலை) களை எடுத்த கையோடு வந்திருந்தார். ஒரு கையில் களைக்கொத்தி, இன்னொன்றில் என் மூன்றாம் நம்பர். பட்டியல் ஓடியது. ஒன்று, ஓடலாம், வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. இரண்டு, அழலாம், பழக்கமில்லை. மூன்று, உண்மையைச் சொல்லலாம், ரொம்ப நீளம்.

"யாரு அனுப்ச்சாங்க ஒன்ன?"

"ஆபீஸ்லேர்ந்துங்க."

"எங்க நெலத்த எடுத்துக்கினு போற ஆபீசா?"

இல்லவே இல்லை, செயற்கைக்கோள் என்றேன். மேலேர்ந்து வேற அளக்கறாங்களாம் என்று பின்வரிசைக்குச் செய்தி போனது. எந்த ஊர் என்று கேட்டார்கள். நெய்வேலி என்று மட்டும் சொல்லிவிடாதே என்றது பட்டியல். சிதம்பரம் என்றேன்.

முருகவேல் என்ற அண்ணன் ஒருவர், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருப்பவர், என் ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தட்டினார்.

"சிதம்பரத்துல எந்தத் தெருவுல பாப்பா மைன்ஸ் கேட் பாஸ் குடுக்கறாங்க?"

அது கன்வேயர் செக்‌ஷனில் இருக்கும் என் அப்பாவின் வண்டி என்பது வரை கண்டுபிடித்துவிட்டார். யாரும் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. சாவியை வாங்கி அஞ்சலை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டார். மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்ததும்தான் எனக்குப் பயம் அதிகமானது. உடனே அனுப்புகிறவர்களுக்கு யாரும் சொம்பு நிறையக் கொடுப்பதில்லை. அப்பா ரிட்டயர் ஆகக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அவர் பொண்ணு ரகசியமாக நிலம் அளந்தாள் என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்ற இடத்தில் பட்டியலே நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் டேப்லெட்டைத் திறந்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அஞ்சலை அக்கா தலைத்துண்டை அவிழ்த்துக் கூடாரம் போலப் பிடித்தார். உள்ளே ஐந்தாறு தலைகள். அவர் நிலம் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொட்டேன். கோடு வந்தது. இந்த மேடு நெல்லு, இந்தச் சின்ன மேடு மல்லாட்டை, இது மழையில் சாய்ந்த வருஷம் என்று கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல அவரே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வருஷத்தில் கோடு தரையோடு படுத்திருந்தது.

"இந்த வருஷம் தரிசுங்க" என்றேன், வைவா பதில் மாதிரி.

அஞ்சலை அக்கா அந்தப் படுத்த கோட்டை நோக்கி விரலை நீட்டினார்.

"தரிசு இல்ல. அந்த வருசம் அவுருக்கு ஒடம்பு முடியல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் நடந்துகினு இருந்தேன். விதைய யாரு போடறது?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத யாரெல்லாம் பாக்கலாம்?"

"யார் வேணாலும் பாக்கலாங்க."

"நாளைக்கு எவனாவது இதக் காட்டி, உன் நெலம் சும்மாதான கெடக்குதுன்னு எழுதிட்டா?"

அதுவரை எனக்காகவும் அப்பாவுக்காகவும் மட்டும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது என் வேலையைப் பார்த்துப் பயம் வந்தது. தரிசுக்கு நான் கொடுத்திருந்தது பழுப்பு நிறம். ஒரு தடவைகூட, அதற்குள் யார் வீட்டு ஆஸ்பத்திரி இருக்கும் என்று யோசித்ததில்லை.

"அப்ப மாத்து" என்றார் அஞ்சலை அக்கா.

படத்தை மாற்ற முடியாது, பெயரை மாற்றலாம் என்றேன். முன்னும் பின்னும் பயிர் இருந்து நடுவில் ஒரு வருஷம் மட்டும் விட்டுப்போயிருந்தால் அதைத் தரிசு என்பது கணக்குப்படியும் தப்புதான். களைக்கொத்தி சாட்சியாகப் புதிதாக ஒரு வகை சேர்த்தேன்: 'விளைநிலம், இந்த வருஷம் பயிர் வைக்கவில்லை.' நிறம்கூட அவர்தான் சொன்னார், இளம்பச்சை. அதன் பிறகு ஊரே அவரவர் நிலத்தைப் பார்க்க வரிசை கட்டியது. முருகவேல் அண்ணன் ரேஷன் கடை மாதிரி ஒழுங்கு பண்ணினார். கடைசி ஆள் முடிந்த பிறகுதான் சாவி இடுப்பிலிருந்து வெளியே வந்தது. குச்சிகள் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் அப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டே, அவங்க நம்பினாங்களா என்று மட்டும் கேட்டார். பாதிதான் என்றேன். அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. (இது பரம்பரை.)

மீதிப் பாதி இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு விதைப்பு முடிந்ததும் அஞ்சலை அக்கா ஃபோன் பண்ணுவார், பச்சை ஏறிடுச்சா பாரு என்று. புதுப் படம் வந்ததும் நான் முதலில் திறப்பது அவர் வயலைத்தான்; கோடு கொஞ்சம் தயங்கினால் எனக்குப் பட்டியல் ஓட ஆரம்பிக்கும். போன கார்த்திகையில் விடாத மழை. மேகம் மறைக்குது, படமே வரலைங்க என்றேன்.

"மேகத்துக்கு நான் என்னா பண்ணுவேன்? நாத்து நட்டாச்சு. நேர்ல வந்து பாத்து எழுதிக்கினு போ."

ஞாயிற்றுக்கிழமை, வெளியே கொட்டுகிறது, எனக்கு ஜலதோஷம் வேறு. அம்மாவைப் பார்த்தேன், அவள் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, பொண்ணுக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா என்று எந்தச் சொந்தக்காரர் கேட்டாலும் அப்பா ஒரே பதில்தான் சொல்கிறார்.

"ஆபீஸ்ல இன்னும் கான்ட்ராக்ட்தான். அஞ்சலைகிட்ட பர்மனென்ட்."