சதுப்பு நிலத்தில் நின்றுபோன பாட்டனார்

கொனொங்கோ,
ஞாயிறு மாலை

என் பாசத்துக்குரிய மருமகன் அட்டகோராவுக்கு,

உன் தாய்மாமன், ஓய்வுபெற்ற ஆசிரியர் அக்கென்டென், முழு உடல்நலத்தோடும் பாதி மானத்தோடும் எழுதுவது. மான்ட்ரியலில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்கிறது, பெய்யக் கூடாத நேரத்திலும் பெய்கிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுத ஆசைதான், ஏனென்றால் அது முடிந்தால் மற்றதைச் சொல்ல வேண்டிவரும். போன வாரம் தொலைபேசியில் உன்னோடு முழங்காலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்ததற்கும் அதுதான் காரணம். தாளில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. பக்கத்து வீட்டு மேடம் செர்வாவின் மகள் வியாழக்கிழமை அங்கே வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு உன் அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்பதற்குப் படிப்படியாக வருகிறேன். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று உனக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன வருஷம் நீ, "மாமா, நாங்க ஒரு வீடியோ விளையாட்டு செஞ்சிட்டிருக்கோம், சீக்கிரம் வந்துடும்" என்றாய் அல்லவா. அதற்குக் கொஞ்ச நாளில் 'சாம்பல் சபதம்' விளம்பரம் வரத் தொடங்கியது. கையில் வாள், முதுகில் தீ, நம் அசாந்தி நாட்டைவிடப் பெரிய உலகம், நீ வைக்கும் ஒவ்வோர் அடியும் அந்த உலகத்தையே மாற்றும் என்று ஒரு கரகரத்த குரல். உங்கள் ஊர்க் கம்பெனி. எனக்கு நெஞ்சு புடைத்தது. முடிதிருத்தும் கடையில் சொன்னேன், மெதடிஸ்ட் சபையில் அறிவிப்பு நேரத்தில் சொன்னேன், மருந்துக்கடையில் மாத்திரைக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். உன் அம்மா அஃப்ரியே அப்போது தங்கையின் பிரசவத்துக்காக டாக்கோராடியில் இருந்தாள். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை, திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று. விளையாட்டு வெளியான சனிக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்து, பள்ளிக்கூடக் கணினியை இரவல் வாங்கி, வெள்ளை விரிப்பில் படம் விழும்படி ஏற்பாடு செய்தேன். இங்கேதான் முதல் தப்பு. நம் ஊரில் பந்தலையும் நாற்காலியையும் பார்த்தால் மனிதர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். பாதிப் பேர் சாவு வீட்டுக்கு உடுத்தும் கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். மேடம் செர்வா கைக்குட்டையோடு நுழைந்து, என்னை உயிரோடு பார்த்ததும், "அட, நீங்க இருக்கீங்களா வாத்தியாரே, அப்ப இது யாருக்கு?" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

குடும்பத் தலைவர் டுவும்ஃபூர் வந்து நடுநாற்காலியில் அமர்ந்தார். விளையாட்டைத் திறந்தேன். உள்ளே விடவில்லை. தனியாக விளையாடுவதற்கும் இணையம் வேண்டுமாம், எப்போதும் வேண்டுமாம், ஒரு கணம் போனாலும் கூடாதாம். அதற்கு மேல், வரிசையில் நில் என்றது. எனக்கு முன்னால் நாற்பதாயிரம் பேர். குழாயடியில் என்றால் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வரலாம், கல் நமக்காக நிற்கும், யாரும் அதைத் தள்ளமாட்டார்கள். இங்கே கல்லை எங்கே வைப்பது? ஒருமுறை நான் தண்ணீர் குடிக்க எழுந்து வருவதற்குள் மின்சாரம் ஒரு சிமிட்டு சிமிட்டியது, கடைசி ஆளாகிவிட்டேன். வந்தவர்களுக்கு ஜொலோஃப் சோறு தீர்ந்தது, வேர்க்கடலையும் தீர்ந்தது. "சாவு வீட்லகூட இவ்வளவு நேரம் உக்கார வைக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கடைசியில் கதவு திறந்தது. ஒரு வீரனை உருவாக்கு என்றது. எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. நான் வாழ்நாளில் செய்த எல்லாத் தப்புகளும் அப்படித்தான் தொடங்கின. வீரனுக்கு நம் பாட்டனார் நானா அக்கோமியாவின் முகத்தை வைத்தேன். அந்த நெற்றி, அந்தத் தாடை, எல்லாம் சரியாக அமைந்தது. பெயரும் அவர் பெயரே. கூட்டம் எழுந்து நின்றது. டுவும்ஃபூர் உணர்ச்சிவசப்பட்டு, "பேரை வெச்சா சும்மா இருக்கக் கூடாதுப்பா" என்று ஜின் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் ஊற்றி, பாட்டனாரை முறைப்படி மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார். நான் மெதடிஸ்ட், அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டனார் வந்தார். அவருக்குக் கிடைத்த முதல் வேலை எலி அடித்துத் தோலைக் கொண்டுபோய் ஒரு சமையல்காரியிடம் கொடுப்பது. இரண்டாவது வேலை இன்னும் கொஞ்சம் எலி. உலகத்தை மாற்றும் அடி எதையும் காணோம். "கோக்கோ தோட்டம் வெச்சிருந்த மனுஷன்" என்று மேடம் செர்வா முணுமுணுத்தார். மூன்றாவது எலிக்காகச் சதுப்பு நிலத்தில் இறங்கினார். அப்போது இணையம் போயிற்று. ஒரு காலைத் தூக்கியபடி பாட்டனார் அப்படியே நின்றுவிட்டார். கண் இமைக்கவில்லை. இணையம் திரும்பி வந்தபோது அவர் இடுப்புத் துணியோடு கிடந்தார், வாளையும் எலித்தோலையும் எவனோ எடுத்துப் போயிருந்தான், உலகின் எந்த மூலையிலிருந்தோ வந்த இன்னொரு வீரன் அவரைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தான். மறுபடி இணையம் போயிற்று, பிறகு மின்சாரமும் போயிற்று. வெள்ளை விரிப்பு மட்டும் மிஞ்சியது.

டுவும்ஃபூர் எழுந்தார். "அக்கென்டென், ஜின் ஊத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். கூப்பிட்டவரைத் திருப்பி அனுப்பணும்ல? இப்ப எங்கப்பா இருக்காரு அவரு?"

"சதுப்புல" என்றேன்.

"எப்ப வருவாரு?"

"நெட் வந்தா வருவாருங்க."

"நம்ம பெரியவரைக் கண்ட பயலுக நடுவுல துணியில்லாம விட்டுட்டு நெட் வந்தா வருவாருங்கிறியே. இதைச் செஞ்சது அஃப்ரியே மகன்தானே? நம்ம வீட்டுப் பிள்ளைதானே?"

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. மாதக்கணக்கில் நான் பெருமையடித்த முகங்கள். அட்டகோரா, தப்பு செய்த பையன் பக்கத்து பெஞ்சைக் கைகாட்டுவதை முப்பத்தைந்து வருஷம் பார்த்துப் பார்த்துப் பிரம்பெடுத்தவன் நான். அந்த நான் சொன்னேன்: "இதைச் செஞ்சவன் நம்ம வீட்டுப் பிள்ளை இல்லீங்க. அவன் அவங்கப்பா வீட்டைச் சேர்ந்தவன்."

நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பிள்ளை அம்மா வீட்டுக்குச் சொந்தம். தாய்மாமனே சபையில் நின்று அப்படிச் சொன்னால் வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்ததாகத்தான் பொருள். கூட்டம் வாசல் பக்கம் திரும்பியது. வாசலில், தோளில் பையோடு, பேருந்து நிலையத்திலிருந்து நேராக வந்த உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லதுண்ணா" என்றாள். "என் பிள்ளையை அவன் அப்பா வீட்டுக்கே அனுப்பிடறேன். உன் சவ ஊர்வலத்துக்கு முன்னால நடக்க நீ யாரைக் கூப்பிடுவியோ, நானும் பாக்கறேன்." பாதிக் கூட்டம் அதற்குப் பொருத்தமாகவே உடுத்தியிருந்தது.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சமாதானத்துக்கு முட்டையும் ஜின்னும் எடுத்துக்கொண்டு போனேன். நான் முன்வாசலில் நுழைய, அவள் பின்வாசல் வழியாகப் போனாள். சண்டை போட்டால் தாங்குவேன். அவள் பேசாமல் இருப்பது வீட்டில் கடிகாரம் நின்றுபோனது போல் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை குடும்பம் கூடுகிறது. என் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொண்டாலும் போதாது, பிள்ளை மன்னித்தால்தான் ஏற்பேன் என்று அவள் டுவும்ஃபூரிடம் சொல்லிவிட்டாளாம். ஆகவே அந்த ஒரு வார்த்தை: மன்னித்தேன் என்று அவளிடம் சொல். உன் மூளையும் உழைப்பும் போன விளையாட்டை நான் ஊருக்கு முன் கைவிட்டேன். விளையாட்டு மோசமானதுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் மோசமான விடைத்தாளுக்காக எந்த மாமனும் மருமகனை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. வெட்கத்தில் செய்துவிட்டேன், இப்போது அதைவிடப் பெரிய வெட்கத்தில் இருக்கிறேன்.

உன் கை தொட்டது துலங்கட்டும், உன் கம்பளிகள் கிழியாதிருக்கட்டும், உன் வீட்டில் இணையம் அறுபடாதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன் (நீ அனுமதித்தால்),
அக்கென்டென்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அம்மா வந்துவிட்டாள். நான் உனக்கு எழுதுவதை மேடம் செர்வா சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பிடுங்கி, நின்றபடியே படித்தாள். பாட்டனார் சதுப்பில் இறங்கும் வரிக்கு வந்ததும் உட்கார்ந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, அன்னிக்கு உன் கடைசிப் பேச்சு மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. இது என் பிள்ளை செஞ்சதே இல்ல" என்றாள். "அது வேற கம்பெனி. இவன் செஞ்சது நம்ம ஊரு டிரோ வேன் ஓட்டுற விளையாட்டு. பள்ளம் பள்ளமா ரோடு, மேல கோழிக்கூண்டு, கோழி விழாம ஓட்டணும். போன மாசமே என் போனுக்கு அனுப்பி வெச்சுட்டான். நெட்டே வேணாம். டாக்கோராடியில பொழுதெல்லாம் இதான்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீ கேட்டியா? பெருமைய அடுத்தவன் பிள்ளைக்குக் குடுத்தே, அவமானத்தையும் அடுத்தவன் பிள்ளைக்கே குடுத்தே. என் பிள்ளைக்கு நீ ஒண்ணுமே பண்ணல, போ." இவ்வளவு நாளில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது, இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது.

டுவும்ஃபூருக்கும் சொல்லி அனுப்பினாள். அவர் தீர்ப்பு உடனே வந்தது. 'இதைச் செய்தவன் நம் வீட்டுப் பிள்ளை இல்லை' என்று நான் சபையில் சொன்னது அப்பட்டமான உண்மையாகிவிட்டதால் குற்றமே நடக்கவில்லையாம், சனிக்கிழமைக் கூட்டமும் ரத்தாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் செல்லாது, நீ யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை, கடிதத்தைக் கிழித்துப் போடு என்கிறாள் உன் அம்மா.

வாக்கியம் சரிதான். ஆனால் அதைச் சொன்னபோது நான் நினைத்தது உன்னைத்தான். அதை டுவும்ஃபூர் கவனிக்கவில்லை, உன் அம்மா கவனிக்காதது போல் இருக்கிறாள். கிழிக்கும்போது, மன்னிப்புக் கேட்ட பக்கத்தை மட்டும் விட்டுவிடு.