மூன்று முறை கழுவிய மருந்து கேன்

லிஸ்மோர்
வியாழக்கிழமை மாலை

அன்புள்ள ரோஸ்லின் அக்காவுக்கு,

பெலிண்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். ஆறும் இந்த வருடம் கரைக்குள்ளேயே அடங்கி இருக்கிறது. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அதே மாதிரி நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் நீ மூச்சு விடும் இடைவெளியில்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. நீ மூச்சு விடுவதும் குறைவு. அதனால்தான் கடிதம்.

மாதக் கடைசியில் விமானத்தில் வந்து அப்பாவை நாட்டின் அந்தக் கோடிக்கு, பெர்த்துக்கு, கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாய். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முகத்தைச் சுளித்ததையும், அம்மா போனபிறகு அப்பா டின்னில் வரும் மாட்டுக்கறிக் குழம்பையும் வெள்ளை ரொட்டியையும் தவிர எதையும் தொடுவதில்லை என்பதையும் உன்னிடம் உளறியவள் நான்தான். “ஆர்கானிக் கடையில வாங்கி ஒழுங்கா சாப்பிட வை. உன்னால முடியலன்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்” என்றாய். முயற்சி செய்தேன். அதில் என்னென்ன நடந்தது என்று எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றே ஒன்று செய். அப்பாவை இங்கேயே விட்டுவிடு.

பழைய ரொட்டிக்கடை இருந்த இடத்தில் ‘பச்சைக் கதவு’ என்று ஒரு கடை வந்திருக்கிறது. நடத்துபவர்கள் மலைமேல் குடியேறிய ஹிப்பிக் கூட்டம். அப்பா வாழ்நாளெல்லாம் மலைக்காரர்களை என்னவெல்லாம் சொல்லித் திட்டினார் என்று உனக்குத் தெரியும், அதில் பாதியை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவரை அந்தக் கதவுக்குள் கூட்டிப்போவதற்கு நான் பட்ட பாட்டைவிட மாட்டைக் குளிப்பாட்டுவது சுலபம். உள்ளே வந்தவர் முதலில் பார்த்தது ஜனங்களின் கால்களை. ஒருவர் காலிலும் செருப்பில்லை. அப்பா தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றவா வேண்டாமா என்று என் காதில் கேட்டார். அப்புறம் முட்டைக்கோஸ் கூடைக்கு முன்னால் நின்று, ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடை முழுவதும் கேட்கிற மாதிரி, “ஏம்மா, புழு தின்னுட்டு மிச்சத்தத்தான் நமக்கு வச்சிருக்கு” என்றார். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் சிரித்துக்கொண்டே, “புழு தின்னுச்சுன்னா நல்ல காய்னு அர்த்தம் ஐயா” என்றார். “அப்ப புழுவுக்குத்தானே விக்கணும்?” என்றார் அப்பா. அந்தத் தாடிக்காரர் என்ன நினைத்தாரோ, “உங்க மனசு ரொம்ப சோர்ந்து கெடக்கு” என்று சொல்லி அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்பா வேலிக்கம்பம் மாதிரி நின்றார் அக்கா. அந்த மனிதர் விடவும் இல்லை. நான் பயறு வாங்கி முடிக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். வண்டியில் ஏறியதும் அப்பா, “இதுக்குப் பேர் கடையா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கோபமாக இல்லை, ஏதோ யோசனையாகக் கேட்டார். அவரை யாராவது கட்டிக்கொண்டு எத்தனை நாளாகியிருக்கும் என்று எனக்கும் அப்போதுதான் தோன்றியது. நான் வாரம் இரண்டு தடவை போகிறேன், கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து சோதனை போடுகிறேன்.

அடுத்த வாரம்தான் பெரிய கூத்து. அந்தக் கடையில் பொட்டலம் கட்டித் தரமாட்டார்கள். ஓட்ஸ், பருப்பு, எண்ணெய் எல்லாம் பெரிய பெரிய தொட்டிகளில் இருக்கும். நாம்தான் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். முதலில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையை அதன்மேல் எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு நிரப்ப வேண்டும். “டப்பா ஏதாவது எடுத்துட்டு வாங்கப்பா, சுத்தமா இருக்கணும்” என்று போனில் சொல்லியிருந்தேன். நான் பள்ளிக்கூட நூலகத்தைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனபோது அப்பா ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறார். கையில் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த இருபது லிட்டர் களைக்கொல்லிக் கேன். வெள்ளை வெளேரென்று மினுங்குகிறது. நடுவில் மண்டையோட்டுப் படம், கீழே சிவப்பில் ‘விஷம்’. அதைத் தூக்கி, ஓட்ஸ் வாங்குவதற்காக, ஆர்கானிக் கடையின் தராசில் வைத்துவிட்டார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் அப்படியே பின்னால் நடந்து வெளியே போனாள். ஒருவர் ஜன்னல்களைத் திறந்தார். இன்னொருவர் ஏதோ உலர்ந்த இலையைக் கொளுத்தித் தராசைச் சுற்றிப் புகை காட்ட ஆரம்பித்தார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து நரைத்த சடையும் மண் ஒட்டிய முழங்கையுமாக ஒரு அம்மாள் வந்தார். பெயர் வில்லோ, கடையைத் தொடங்கியவர்களில் ஒருவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னது இது?”

“டப்பா. கொண்டுவரச் சொன்னீங்கல்ல?”

“யோவ், இது களைக்கொல்லிக் கேன்யா!”

“மூணு தடவ கழுவியிருக்கேன்” என்றார் அப்பா, கொஞ்சம் அடிபட்ட குரலில். “மூணு தடவ. மூடியத் தனியா. இத விடச் சுத்தமான சாமான் இந்த ஊர்லயே கெடையாது.”

நமக்குத் தெரியும் அக்கா, மருந்து கேனை மூன்று முறை கழுவிக் கவிழ்த்துவைத்தால்தான் கவுன்சில்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் சுத்தம் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. இருப்பதிலேயே நல்லதைத்தான் எடுத்து வந்திருக்கிறார், இஸ்திரி போட்ட சட்டையோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓடிப்போய் அவருக்கு முன்னால் மறைத்து நின்றுகொள்ளலாம் போலவும் இருந்தது. வில்லோ கேனைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெர்வ்? ஓடைக்கரைப் பண்ணை மெர்வா நீ?”

“ஆமா. நீ யாரு?”

“உன் ஸ்பிரே டிராக்டருக்கு முன்னாடி, கேட்ட மறிச்சுப் படுத்துக் கெடந்தேனே! ஓடைத் தண்ணியில மருந்து கலக்குதுன்னு!”

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அந்த மலைக்காரியா? இன்னும் வழிய மறிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறே.”

“நீ இன்னும் அதே கேனத் தூக்கிக்கிட்டுத்தான் அலையறே.” பிறகு வில்லோவின் குரல் மாறிவிட்டது. “அன்னைக்கு உன் பொண்டாட்டி எங்களுக்கு டீயும் சூடா ஸ்கோன் பன்னும் கொண்டுவந்து கொடுத்தா. மழையில குடையப் பிடிச்சுக்கிட்டே நின்னா, நாங்க குடிச்சு முடிக்கற வரைக்கும். அப்படியொரு ஸ்கோன நான் அப்புறம் சாப்பிட்டதே இல்ல.”

அப்பா தொப்பியைக் கழற்றினார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே அவ” என்றார்.

அம்மாவைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி, அக்கா. அது இனி வராது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேன் கொண்டுவந்தவரை இனிமேல் உள்ளே விடக்கூடாது என்று புகை போட்டவர் வாதாடினார். வில்லோ கேட்கவில்லை. அபராதமாக வாரம் ஒரு நாள் காலையில் வந்து கடைக்கு வேலை செய்யட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போடும் பழைய கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவுகிற வேலை. அன்றிலிருந்து வியாழக்கிழமை காலையில் அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு பாட்டில் கழுவுகிறார். ஒவ்வொன்றையும் மூன்று முறை. மூடியைத் தனியாக. இப்போது வாடிக்கையாளர்கள், “மெர்வ் கழுவின பாட்டில் இருக்கா?” என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் குழந்தைக்காரப் பெண்ணும் கேட்கிறாள். பாட்டில் கழுவுகிற நேரமெல்லாம் அவருக்கும் வில்லோவுக்கும் வாய்ச்சண்டை. கேரட்டைக் கழுவாமல் விற்பது ஏமாற்று வேலை என்று இவர் சொல்வார். மண்ணைக் கண்டால் பயப்படுகிற விவசாயியை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார் அந்த அம்மாள்.

வியாழன் மட்டும் போய்க்கொண்டிருந்தவர் அப்புறம் தினமும் போக ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வாங்குவார். அப்பா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று உனக்குப் போனில் நான் பெருமையடித்துக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு எடுக்க அவருடைய சமையலறை அலமாரியைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை பாட்டில்கள். சிவப்புப் பயறு, பச்சைப் பயறு, பார்லி, கோழித்தீவனம் என்று அவர் கேலி செய்த கினோவாகூட இருந்தது. எதையும் அவர் தொட்டிருக்கவில்லை. குப்பைத் தொட்டியில் அதே குழம்பு டின்கள்.

“எதுக்குப்பா இவ்வளவும் வாங்குறீங்க? ஒண்ணும் சாப்பிடலையே?”

அப்பா எட்டி அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு, “ஒண்ணும் வாங்காம சும்மா போய் நின்னா அவ என்ன நினைப்பா?” என்றார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? நேராகக் கடைக்குப் போய் வில்லோவிடம் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுப்பது தப்புதான், ஆனால் அத்தனை பயறை நான் என்ன செய்வது? வில்லோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பெரிய சட்டியோடு அப்பா வீட்டு வாசலில் போய் நின்று, “நீ வாங்கிக் குவிச்சத நீயே தின்னு” என்றாராம். இப்போது தினமும் சமையல் நடக்கிறது. முதல் நாள் பயறு சூப்பைக் குடித்துவிட்டு, “டின் குழம்பு அளவுக்கு இல்ல” என்றாராம் அப்பா. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினாராம். புதிய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர், “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டார். “சண்டை போடறேன்” என்றார் அப்பா.

அதனால்தான் கேட்கிறேன், அவரைப் பிடுங்கிக்கொண்டு போகாதே. பெர்த்தில் நல்ல டாக்டர்கள் இருப்பார்கள், உன் வீட்டில் வெயில் விழும் அறை இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அவருடன் சண்டை போட யார் இருக்கிறார்கள்? நீ மரியாதையாகத்தான் நடத்துவாய். மரியாதையாக நடத்தினால் அவர் மறுபடி டின் குழம்புக்குப் போய்விடுவார். இன்னொன்றும் உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். வியாழக்கிழமை மாலைகளில் நான் வேலை முடிந்து அந்தக் கடைக்குள் நுழையும்போது, காலையில் போன வேலையை முடிக்காமல் அப்பா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். கை ஈரத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, “எம் பொண்ணு வந்துட்டா” என்று அங்கிருப்பவர்களிடம் சொல்வார். அத்தனை பேருக்கும் நான் யாரென்று தெரியும், இருந்தும் ஒவ்வொரு வாரமும் சொல்வார். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அவர்களுக்குப் பிடிக்காத இடமாகப் பார்த்து, நெற்றியில் ஆளுக்கொரு முத்தம். எல்லோரும் நிறைந்த உடம்போடும் குறையாத பசியோடும் இருங்கள்.

உன் அன்புத் தங்கை,
பெலிண்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் அப்பா உள்ளே வந்தார். “யாருக்கு, ரோஸுக்கா? எதுக்கு ஸ்டாம்ப வீணாக்கறே, எங்கிட்ட கொடு. நாங்க அங்கதான் போறோம்” என்கிறார். வாசலில் வில்லோவின் வேன் நிற்கிறது. உங்கள் பக்கத்தில் இப்போது காட்டுப்பூக்கள் பூத்துக் கிடக்குமாம், வில்லோ பார்த்ததே இல்லையாம். ஆகவே அக்கா, இதை உன் கையில் கொடுப்பவர் அப்பா. பின்னால் செருப்பில்லாமல் நிற்பவர் வில்லோ. விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அந்தக் கேனையும் எடுத்துப் போகிறார்கள், வேனின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற. யாரும் அதிலிருந்து குடிக்காமல் பார்த்துக்கொள். மாநில எல்லையில் பயிர்நோய்ச் சோதனைக்காரர்கள் கேரட்டையும் தேனையும் நிச்சயம் பிடுங்கிவிடுவார்கள், அதனால் பசியோடுதான் வருவார்கள். உங்கள் பக்கம் ஓர் ஆர்கானிக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வை, அப்பாவுக்குச் சண்டை போட வேண்டும். அவருடைய வியாழக்கிழமைப் பாட்டில்களை நான் கழுவுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன், மூன்று முறைதான், மூடியைத் தனியாகத்தான். அவரைத் திருப்பி அனுப்பிவிடு அக்கா. அடுத்த வியாழனே என்று கேட்கவில்லை. ஏதாவது ஒரு வியாழன்.