நிறம் தேறாத மோட்டார்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
1946 செப்டம்பர், வியாழக்கிழமை.

மணப்பாட்டில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி இனிகோவுக்கு, அக்காள் அமலோற்பவம் உன் நெற்றியில் சிலுவை வரைந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே மனுசர் எல்லாரும் சுகம். மோட்டாருக்குத்தான் சுகமில்லை. அம்மா, உன் பெஞ்சாதி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. "அம்மாவுக்கு ஒரு கண் மறைஞ்சாச்சு, மத்ததுலயும் பூ விழுந்து மூடிக்கிட்டு வருது, அது மூடுமுன்ன ஒன் முகத்தப் பார்க்கணும்னு கேக்கா, மோட்டார் வாங்கினவளுக்கு மணப்பாடு தூரமாயிட்டோ" என்று எழுதியிருக்கிறாய். வாசித்து முடித்துச் செபமாலையைக் கையில் எடுத்தேன். மணி உருண்டதே தவிர வாயில் செபம் வரவில்லை. வசவுதான் வந்தது.

அந்த மோட்டாரின் யோக்கியதையைக் கேள். எவனோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போட்டுப் போன பழைய ஆஸ்டின் கார், சண்டைக் காலம் பூராவும் உப்புக் கிட்டங்கியில் கிடந்தது, குண்டு விமானத்துக்குப் பயந்து விளக்குக்குப் பாதி கறுப்பு மை பூசினது இன்னும் அழியவில்லை, அரைக்கண் மூடின கிழவனைப் போல நிற்கும். தோணித் தண்டலாகக் கொழும்புக்கும் இங்கேயும் ஓடி ஓய்ந்த உன் மச்சான் கரையேறின கையோடு இதை வாங்கிப்போட்டு, "ஏளா, இதுலதான் ஒன்ன ஒங்கம்மாட்ட கூட்டிட்டுப் போவேன்" என்றார். நானும் நம்பிச் சிலுவை போட்டுக்கொண்டேன். மெக்கானிக் சொரிமுத்து தபசுகாலத்திலேயே இஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டான். துருவைச் சுரண்டி, அடிப்பூச்சாகச் செங்காவியும் அடித்துவிட்டான். பாஸ்காத் திருநாளுக்கு நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியது. "மேல என்ன நிறம் அண்ணாச்சி?" என்று கேட்டானே பாவி, அன்றைக்குப் பிடித்தது இந்த நிறப் பைத்தியம்.

இந்தச் செங்காவியோடேயே போவோம், அம்மாவுக்கு என் முகந்தானே தெரியணும், மோட்டார் முகமா என்றேன். "செங்காவியோட ரோட்டுல போறதும் உள்பாவாடையோட பூசைக்குப் போறதும் ஒண்ணுதான்" என்று சொல்லுதாரு உன் மச்சான். அப்படியானால் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸிலாவது போகிறேன் என்றேன். "மோட்டார் வச்சிருக்கவன் பொண்டாட்டி கரி பஸ்ல மூஞ்சியெல்லாம் புகையா இறங்குனா ஊருல ஏம் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?" ஆக, என் காலுக்கும் விலங்கு, மோட்டாருக்கும் விலங்கு.

முதலில் பனிமய மாதா மேலங்கி நீலம் என்றார். எனக்கே மனசு குளிர்ந்தது. கோவில் உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, "தண்டல், மாதா அங்கி நிறத்து மேல நீரு சப்பாத்துக் காலப் போட்டு ஏறுவீரோ? குண்டியவும் வைப்பீரோ?" என்று கேட்டார். நீலம் போயிற்று. கறுப்பு என்றார். கோவில் சவவண்டி கறுப்பு, நம்மைக் கண்டால் தெருவே தொப்பியைக் கழற்றும் என்று அவரே பயந்துபோனார். அப்புறம் வந்தாள் நாத்தனார் ஆக்னஸ். வாசல்படியில் ஏறும்போதே "மஞ்சள் அடிங்க அண்ணே, ஏஞ் சேலைக்குச் சேரும்" என்கிறாள். அம்மாவைப் பார்க்கப் போகிற மோட்டாருக்கும் அவள் சேலைக்கும் என்னடா சம்பந்தம்? "மதினிக்கு நிறத்தப் பத்தி என்ன தெரியும், குசினிக்குள்ளயே கிடந்து கண்ணு கரிஞ்சுபோச்சு" என்று வேறே. அன்றைக்கு அவளுக்குக் காப்பியில் சீனி போடவில்லை. ரேசன் என்று சொல்லிவிட்டேன். அது பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாச்சு.

கடைசியில் தம்முடைய பழைய தோணிப் பச்சையே என்று முடிவுகட்டினார். அதோடு விட்டாரா? "மரமோ இரும்போ, உப்புக்காத்துக்கு எண்ணெய் குடுக்காம பெயிண்ட் அடிக்கப்படாது" என்று சொல்லி, சொரிமுத்து இல்லாத நேரம் பார்த்து, வள்ளத்துக்குத் தேய்க்கிற மாதிரி சுறா எண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்து, அதன்மேலே பச்சையை அடித்து வைத்திருக்கிறார். பெயிண்ட் காயுமா? இன்றைக்கும் தொட்டால் கையோடு வருது. தெருப் பூனையெல்லாம் வந்து நக்கிப்போட்டு மீசை பச்சையாத் திரியுதுவ. காக்கா உட்கார்ந்து, எந்திரிக்க மாட்டாம றெக்கையை விட்டுப்போட்டுப் பறக்குது. சொரிமுத்து வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "அண்ணாச்சி, இது மோட்டாரா கருவாடா?"ங்கான். உன் மச்சான் அவனோட மூணு நாள் பேசலை. அப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டுனாவ. திரும்பவும் செங்காவி, திரும்பவும் உள்பாவாடை.

இந்த வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். பெயிண்ட், எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் மருந்துச் செலவில் எழுதி வருகிறேன். நோய்தானே. போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், சாமி, ஒரு மோட்டாரை மனசார வெறுக்கேன், அது கடலில் போய் விழணும்னு செபிச்சேன் என்று அழுதேன். சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்ப என்ன நிறத்துல நிக்குது?" என்று கேட்டார். இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல?

போதும் தம்பி. அம்மா கண் இவர்களுக்காகக் காத்திருக்காது. வருகிற சனிக்கிழமை கரி பஸ்ஸிலேயே திருச்செந்தூர் வந்து இறங்குகிறேன், முகத்தில் கரி இருந்தால் அம்மா முந்தானையால் துடைக்கட்டும். மாட்டுவண்டி அனுப்பி வை. தங்கமே பூசினாலும் இந்த மோட்டாரில் நான் கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்.

திருச்சிலுவை நாதர் உன் வீட்டு வாசலிலும் வலையிலும் இருப்பாராக. பிள்ளைகளுக்கு முத்தம். எனக்காக அம்மா காலைத் தொட்டுக் கும்பிடு; நான் அழுததாகச் சொல்லாதே, சிரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்காள்
அமலோற்பவம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மச்சான் குசினிக்குள் வந்தார். வாசலிலேயே நின்றார். "ஏளா, ஒனக்கு எந்த நிறம்ளா பிடிக்கும்? நீ சொல்றதத்தான் அடிக்கப் போறேன்" என்றார். கல்யாணச் சேலைக்குக்கூட என்னை யாரும் இதைக் கேட்டதில்லை இனிகோ. அடுப்புப் புகையென்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதனால் சனிக்கிழமை வண்டி அனுப்ப வேண்டாம். அம்மா கண்ணுக்கு இப்போது எந்த நிறம் நன்றாகத் தெரிகிறது என்று கேட்டு மறுதபாலில் எழுது, அந்த நிறத்தையே அடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துகிறேன். மஞ்சள் என்று சொன்னால் மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பார்.