பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போன பேய்

கேகாலையில் வருஷாவருஷம் நடக்கிற பழைய கார் ஊர்வலத்தில் இந்தத் தடவை தன் மொரிஸ் மைனரைத் தானே ஓட்டுவது என்று ரெஜினோல்ட் முடிவு கட்டிவிட்டார். சும்மா முடிவு இல்லை, ஏழு வருஷத்து முடிவு! யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பெரிய துரையின் கார் அது. கோழி முட்டை போட்டுக்கொண்டிருந்த நிலையில் அதை எடுத்து, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே மல்லாந்து கிடந்து, ஓட வைத்தவர். அந்த ஏழு வருஷத்தில் மனைவி ரோஷானி அவருடைய முகத்தைவிடப் பாதத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பாள்.

அவளும் ஒரு தடவை கேட்டாள்தான்.

"ஏங்க, நானும் ஓட்டிப் பழகட்டா?"

"கண்ட கை பட்டா கியர் பொக்ஸ் கோவிச்சுக்கும், ரோஷானி."

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஊர்வலத்துக்கு இன்னும் மூன்று வாரம். திங்கட்கிழமை வேலை விட்டு வந்து காரில் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வருகிற ரோட்டைக் காணோம், அவருடைய சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. புதன்கிழமை கொய்யாக் குச்சியை டேங்கில் விட்டு பெட்ரோலை அளந்தார். அங்கேதான் மனுஷனுக்குத் தலை சுற்றியது. பெட்ரோல் இரண்டு விரல் கூடியிருந்தது!

குறைந்திருந்தால் திருடன் என்று கத்தலாம். கூடியிருந்தால் யாரைப் பிடித்துக் கத்துவது?

"ரோஷானி, பகல்ல யாராச்சும் வந்தாங்களா?"

"மீன்காரர் வந்தாரு. ஏன்?"

"பெட்ரோல் ஏதும் ஊத்தினாரா?"

"சூடை மீன்தாங்க குடுத்தாரு. வெயில்ல நின்னீங்களா?"

ரெஜினோல்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. வியாழக்கிழமை காலையில் பொனட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெருவிரல் அளவு சாமான்தான். ஆனால் அது இல்லாவிட்டால் எஞ்சின் தும்மக்கூடச் செய்யாது. 'இப்ப ஓட்டுங்கடா பாப்போம்' என்று ஆபீசுக்குப் போனார். பின்னேரம் வந்து பொனட்டில் கையை வைத்தார். சூடு!

சட்டைப் பையைத் தடவினார். ரோட்டர் பையில்தான் இருந்தது. திருடனும் இல்லை, மனுஷனும் இல்லை. அப்படியானால்?

"ரோஷானி," குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, "பழைய துரைதான் வந்து ஓட்டுறாரு."

ரோஷானி அரிசி களைவதை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அங்கேதான் அவளுடைய கெட்டித்தனம்.

"அப்ப பெட்ரோல்?"

"வெள்ளக்காரன்டி. எடுத்தத திருப்பி வைக்காமப் போகமாட்டான்."

"அதுவும் சரிதாங்க. ஆனா கேகாலை ரோட்டு வளைவுல நீங்க ஓட்டிக்கிட்டுப் போறப்ப, துரையும் ஸ்டியரிங்கப் புடிச்சாருன்னா?"

அதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

"செவ்வாக்கிழமை கோயில் நவநாள் செபத்துல அந்தோனியாருக்கு ஒரு நேர்ச்சை எழுதிப் போட்ருவோம்," என்றாள் ரோஷானி. "எப்பேர்ப்பட்ட பேயும் ஓடிரும்."

"பெரிய மெழுகுதிரி ஒண்ணு வைக்கிறேன்."

"மெழுகுதிரி சில்லறைப் பேய்க்குங்க. நேர்ச்சைன்னா உசிரா நெனக்கிறதக் குடுக்கணும். பேய் போயிட்டா ஒரு வருஷம் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்னு எழுதுங்க."

"ஒரு வருஷமா! ஒரு மாசம் போதாதா?"

"இங்கிலீஸ் பேய்ங்க."

ரெஜினோல்டுக்கு அழுகையே வந்தது. ஏழு வருஷக் கனவு! ஆனால் உயிர் போனால் ஊர்வலம் ஏது? முக்தார் பாஸை ஓட்டச் சொல்லிவிட்டு நாம் பக்கத்திலாவது உட்காரலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு எழுதினார். முக்தார் பாஸ் பஜாரில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை நவநாளில், பெட்டியில் விழுந்த மற்றக் கடிதங்களோடு ஃபாதர் அதையும் மைக்கில் வாசித்தார். பெயர் போடவில்லைதான். ஆனால் தோட்டத்தில் பழைய கார் ஒன்றே ஒன்றுதான். கோயிலே திரும்பி அவரைப் பார்த்தது.

என்ன அதிசயம்! மறுநாளிலிருந்து சீட் அசையவில்லை. கண்ணாடி திரும்பவில்லை. பெட்ரோல் கூடவில்லை. அந்தோனியார்னா அந்தோனியார்தான் என்று ரெஜினோல்ட் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஊர்வல நாள். ரோஷானி சொல்லி வைப்பதாகச் சொன்ன முக்தார் பாஸை விடிந்து எட்டு மணியாகியும் காணோம். ரெஜினோல்ட் போன் போட்டார்.

"பாஸ், எங்க நிக்கிறீங்க?"

"கராஜ்லதான். நான் எதுக்கு ஐயா? மேடம்தான் ஆறு மாசமா நம்ம கராஜ் வண்டியில பழகி லைசனும் எடுத்துட்டாங்களே. ரோட்டரக் காணோம்னு அன்னைக்குக்கூட நான்தானே வேற ஒண்ணு குடுத்தேன்!"

போன் காதிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்த்தார். ரோஷானி புதுச் சாரியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அடியேய்! நீயா அந்தத் துரை?"

"ஏறுங்க, நேரமாச்சு."

"எறங்குடி! பேயே இல்லன்னா நேர்ச்சையும் இல்ல. நான்தான் ஓட்டுவேன்."

"தாராளமா ஓட்டுங்க," என்றாள் ரோஷானி, கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டே. "ஆனா மைக்குல குடுத்த வாக்க மைக்குலதான் வாபஸ் வாங்கணும். 'அது பேய் இல்ல, என் பொண்டாட்டி, நான்தான் பயந்துட்டேன்'னு எழுதிப் போடுங்க. ஃபாதர் நல்லா நிறுத்தி வாசிப்பாரு."

ரெஜினோல்ட் யோசித்தார். ஆபீஸை யோசித்தார். கோயில் பெஞ்சுகளை யோசித்தார். பிறகு மற்றப் பக்கமாகச் சுற்றி வந்து, ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

கேகாலை வரைக்கும் அவள் ஒரு வளைவில்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். கியர் பொக்ஸ் கோபித்துக்கொள்ளவே இல்லை, வெட்கம் கெட்டது.

அடுத்த செவ்வாய் நவநாளில் ஃபாதர் நன்றிக் கடிதங்களை வாசித்தார். மூன்றாவது கடிதத்திலும் பெயர் இல்லை. "புனித அந்தோனியாரே, என் கணவர்கிட்ட கேட்டுக் கிடைக்காதது, அவர் கையாலேயே எழுதிக் கிடைச்சது. கோடி நன்றி."

கோயிலே எழுந்து "ஆமென்" என்றது. பழக்கதோஷம், எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ரெஜினோல்ட்தான்.