காடை கூட்டத்து அண்ணன்

"தெரியாது" என்ற சொல் என் வாயில் வரவே வராது. யாராவது வழி கேட்டால், நான் போகாத ஊருக்கும் லெஃப்ட், ரைட் எல்லாம் சொல்லி அனுப்பிவிடுவேன். (மதுக்கரைக்கு வழி கேட்ட ஒரு லாரிக்காரர் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம்.) இந்தச் சீக்கு ஒருமுறை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

நித்யாவும் நானும் ஒரே ஆபீஸ், காதல். "உங்க கூட்டம் வேறதானுங்களே?" என்று முன்பே ஒருநாள் கேட்டிருந்தாள். எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கச்சி முறை, கல்யாணப் பேச்சே கூடாது. "வேறதான், நீ கவலையே படாத" என்று அடித்துச் சொன்னேன். உண்மையில் அவளுடைய கூட்டமும் தெரியாது, என்னுடையதும் தெரியாது. டவுனுக்குள் ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்த எனக்கு, அது ஏதோ ஒரு பறவையின் பெயர் என்ற அளவில்தான் ஞாபகம்.

சூலூரில் அவள் சொந்தக்காரர் கல்யாணம். விசைத்தறி வைத்திருந்த அவள் அப்பா கறாரானவர் என்று கேள்வி. "ஆபீஸ் ஃப்ரெண்டா வந்து பேசுங்க. அப்பாவுக்குப் புடிச்சுப்போச்சுன்னா மத்ததை நானே சொல்லிக்கறேன். தெரியாததக் கேட்டா தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க" என்றாள்.

பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"தோட்டமெல்லாம் இருக்குங்களா தம்பி?"

"இருக்குதுங்க." (பால்கனியில் மூன்று தொட்டி.)

"என்ன போட்டிருக்கீங்க?"

"தென்னைங்க. வர்ற மாசம் அறுவடை."

"தென்னைக்கு அறுவடையா?" என்று முணுமுணுத்தபடி ரசத்தைப் பிசைந்தார். பிறகு, "என்ன கூட்டமுங்க?" என்றார்.

முந்தின நாள் ஓட்டலில் சாப்பிட்ட வறுவல் நாக்கில் வந்து நின்றது. "காடைங்க!"

மனுசன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நாமளும் காடைதானுங்க! பங்காளியாச்சே, இதைய மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" மண்டபமே திரும்பிப் பார்க்க, "அம்மணீ!" என்று மகளைக் கூப்பிட்டார். நித்யா பாயச வாளியோடு வந்தாள். "இவுரு உனக்கு அண்ணன் முறையாகோணும். அண்ணனுக்கு நல்லா ஊத்து."

ஊற்றினாள். இலை நிறைந்து, வழிந்து, என் பேன்ட்டில் இறங்கும்வரை ஊற்றினாள்.

"இவளுக்குக் கூடப்பொறந்தவன் இல்லீங்க. இவ கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மச்சானா நீங்கதான் நிக்கோணும்" என்று, எச்சில் கையென்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது, பாவம்.

கை கழுவும் இடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு நம் கூட்டம் எது என்று கேட்டேன். "ஆந்தைடா கண்ணு. ஏன்டா, இதுகூடத் தெரியாமயா இத்தன வருசம் சோறு தின்ன?"

பின்னால் நித்யா நின்றிருந்தாள். "போய்ச் சொல்லுங்க. இல்லீன்னா எனக்கு மாப்பிள்ளை பாக்க அப்பா உங்களத்தான் கூட்டிட்டுப் போவாரு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் மண்டபத்துக்குள் ஓடினேன்.

அவர் முன்னால் போய் நின்றேன். "தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க. நாங்க ஆந்தைங்க. தோட்டமும் இல்லைங்க. அப்பறம்... உங்க பொண்ணக் கட்டிக்க ஆசைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பொண்ணப் பாத்ததும் கூட்டத்தையே மாத்திப்போடுவீங்களா?"

மனுசன் நம்பவே இல்லை. அடுத்த ஞாயிறு எங்கள் குலதெய்வக் கோயிலுக்கே வந்து, பூசாரியை விசாரித்து, நன்கொடைக் கல்லில் என் தாத்தா பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் சம்மதித்தார். அப்போதும், "மச்சானா நிக்க நல்ல பையன் கெடச்சான்னு இருந்தேன், அதுவும் போச்சு" என்று அங்கலாய்த்தார்.

கல்யாணமாகி எட்டு வருசமாகிறது. மாமனார் வீட்டு விருந்தில் எல்லோருக்கும் காடை வறுவல் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது. "பங்காளியத் திங்கலாமுங்களா மாப்பிள்ளை?" என்று தட்டை நகர்த்தி வைத்துவிடுவார்.

போன வாரம் என் மகள், "அப்பா, நம்ம குழாயில வர்ற சிறுவாணித் தண்ணி மட்டும் ஏன் இனிக்குது?" என்று கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து நித்யாவின் குரல் வந்தது.

"சொல்லுங்கண்ணா!"

"தெரியாது கண்ணு" என்றேன்.