ஆகாய நீலமும் அக்காவின் மாம்பழக் கலரும்

அன்பும் மரியாதையும் உரிய அக்காவுக்கு,

பெயிண்ட் கடைத் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம். மானத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லி உன் தம்பி பெண்டாட்டி பின்னாலேயே நிற்கிறாள், கேட்டுவிட்டேன். போன மாதம் போனில் நீ பேசியதையும், அதற்கு நான் பேசியதையும், யார் முதலில் பட்டென்று போனை வைத்தது என்பதையும் இந்தக் கடிதத்தில் கிளறப் போவதில்லை. நீதான் முதலில் வைத்தாய்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். மகள் வேலைக்கு வெளியூர் போகிறாள், போகிற இடத்தில் சுவரில் மாட்ட மொத்தக் குடும்பமும் சேர்ந்த படம் ஒன்று வேண்டும் என்றாள். ஸ்டூடியோக்காரர், ஆளுக்கொரு கலரில் வந்து நிற்காதீர்கள், எல்லோரும் ஒரே நிறத்தில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நிறம் என்று வந்துவிட்டால் இந்த வீட்டில் என்னைத் தவிர யார் வாயைத் திறக்க முடியும்? ஆகாய நீலம் என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ ஒருத்திதான், "உம் பொண்ணு எனக்கு ஆசையா வாங்கிக் குடுத்த மாம்பழக் கலர் புடவையிலதான் வருவேன், இல்லைன்னா வரலை" என்றாய். அப்ப வராதே என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன தொனி வேறு.

சரி, நடந்ததைக் கேள். கடையில் நிற மாதிரி காட்டும் ஷேட் கார்டிலிருந்து ஆகாய நீலத்தைக் கத்தரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து, இதற்கு ஒரு இம்மி மாறினாலும் வாங்காதீர்கள் என்று ஜவுளிக் கடைக்கு அனுப்பினேன். உன் தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு புடவையையும் வெயிலில் வைத்துப் பார்க்கிறேன் என்று தெருவுக்கும் கடைக்குமாக நடந்தாள், கடைக் காவலாளியும் கூடவே நடந்தார். நான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காய்ந்தால் கருக்குமா, எத்தனை கோட்டு அடித்தது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், விற்கிற பையன் முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டான். மகன் பெரியவனுக்குப் பொருத்தமான சட்டை கிடைக்கவே இல்லை. இவ்வளவு பெரிய கடை வச்சிருக்கோம், ஒரு சட்டைக்கு நிறம் குடுக்க முடியாதா என்று வெள்ளைச் சட்டையைச் சுவர்ப் பெயிண்டில் முக்கிக் கொடியில் போட்டுட்டான். நிறம் கச்சிதம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனா அந்தச் சட்டை இப்போ உள்ளே ஆள் இல்லாமலே நிக்குது. போட்டால் கையை மடக்க முடியலை. அன்னிக்குப் பூரா அவனுக்கு அவங்க அம்மாதான் ஊட்டி விட்டா.

நிஜப் படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று நாலு பேரும் நீலமாகப் போய் நின்றோம். ஸ்டூடியோக்காரர் கேமராவில் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார், கேமராவைத் துடைத்தார். பிறகு படத்தைக் காட்டினார். அதிலே நாலு தலையும் எட்டுக் கையும் அந்தரத்தில் தொங்குது, நடுவில் உடம்பே இல்லை. பின்னாலே இருக்கிற சுவரும் ஆகாய நீலம். அந்தப் பெயிண்ட் நம்ம கடையில் வாங்கினது. இதுக்கு மேல ஒரு நீலம் கிடையாது சார்னு சொல்லி, நானே என் கையால் கலந்து குடுத்தது. சுத்தமா மறந்துபோச்சு. மகள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை அந்தப் புடவையில் நடுவில் நின்றிருந்தால் படம் பளிச்சென்று இருந்திருக்கும் என்று எழுந்ததும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, முன்னெல்லாம் எப்படி நின்றோம் என்று பார்க்க மகள் பழைய ஆல்பங்களை எடுத்தாள். முழுக்கப் புரட்டிவிட்டு, "எல்லாப் படத்துலயும் எல்லாரும் இருக்காங்க, அத்தை எங்கப்பா?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தனையும் நீ எடுத்த படங்கள். கேமராவை வேறு யாரையும் தொட விட்டிருக்கிறாயா நீ? ஒரு படத்தில் தரையில் உன் நிழல் இருக்கிறது. இன்னொன்றில், மூலையில், லென்ஸை மறைத்துக்கொண்டு உன் கட்டைவிரல். அதைத்தான் அவளுக்குக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அக்கா.

அதனால் ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க வந்துவிடு. மாம்பழக் கலரிலேயே வா. நாங்களும் நீலத்தை மூட்டை கட்டிவிட்டு இஷ்டப்பட்டதை உடுத்திக்கொள்கிறோம். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு அத்தானிடம் வாசித்துக் காட்டாதே. நிற விஷயத்தில் ஒரு சிறு திருத்தம், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன். நீ வருவாய் என்று நம்பி உனக்கும் சேர்த்தே ஸ்டூடியோவில் நாற்காலி சொல்லியிருக்கிறேன், நடு நாற்காலி.

அத்தானுக்கு என் வணக்கம். மகளும் பெரியவனும் உன் காலைத் தொட்டுக் கும்பிடுவதாக எழுதச் சொன்னார்கள். பெரியவன், அந்தச் சட்டை இல்லாமல்.

இப்படிக்கு,
உன் ஆசிக்கும் உன் வரவுக்கும் காத்திருக்கும்
தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஸ்டூடியோக்காரர் கடைக்கு வந்தார். பாவம், நல்ல மனுஷன். எங்கள் நீலத் துணியெல்லாம் வீணாகக் கூடாது என்று சுவரையே வேறு நிறம் அடிக்கிறாராம், என்ன நிறம் போடலாம் என்று கேட்டார். எனக்கு மண்டை நிறைய உன் நினைப்பு, யோசிக்காமல் நானே கலந்து டின்னைக் கையில் கொடுத்துவிட்டேன். மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவர் அச்சு அசல் உன் மாம்பழக் கலராம். ரெண்டு கோட்டு அடித்தாகிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, நீலப் புடவை இருந்தால் கட்டிக்கொண்டு வா. இல்லையென்றால் மாம்பழக் கலரிலேயே வா, தலை மட்டும் தெரியட்டும். இத்தனை வருஷமாக எங்களிடம் உன் கட்டைவிரல்தான் இருக்கிறது. முகம் கிடைத்தால் போதும் அக்கா.